சீசன் டிக்கெட்டில் ஆள் மாறாட்டம்

என் லில்லி அண்ணிக்கு, எங்கே இருந்தாலும் காது கேட்கிற தூரத்தில்தான் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

புத்தகம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் அப்புறம். போன வருடத்தைவிடத் தடிமன். வழவழவென்று அட்டை. கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போனதும், கிளினிக் போக வெளியே வந்தவள், புதுப்பட்டினத்து வீட்டு வாசலிலேயே வெயிலில் நின்று கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினேன். பஸ் போய்விட்டது. போனால் போகட்டும்.

பக்கத்து வீட்டு செல்வி மீன்கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா, எந்த வூட்டு கல்யாணப் பத்திரிகை? இம்மாம் பெருசா கீது?" என்றாள்.

"ஆர்க்கெஸ்ட்ரா புக்குடி. இந்த வருசம் அஞ்சு கச்சேரி."

"ஐய, சூப்பரு! எந்தப் பாட்டுலாம் பாடுவாங்க?"

"பாட மாட்டாங்க. வாசிப்பாங்க."

"பாடலன்னா அப்பால இன்னாத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். திருவிழாவில் மேடை போட்டு சினிமாப் பாட்டு பாடுகிறவர்கள்தானே நம் ஊருக்கு ஆர்க்கெஸ்ட்ரா? நாமும் அப்படி நினைத்துத்தானே முதல் தடவை போனோம்? கை சுளுக்கிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்த அந்த செல்லோக்காரர், காலுக்கு நடுவில் வைத்து வாசிக்கிற பெரிய வயலின்காரர், இரண்டு பாஸ் கொடுத்தபோது, நீ பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாய். எழுபது பேர் கறுப்பு உடுப்பில் வரிசையாக வந்து உட்கார்ந்ததும் என் காதில், "எஸ்தரு, யாரோ பெரிய ஆளு செத்துட்டாங்க போல" என்றாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கர்ச்சீப்பை வாயில் திணித்துக்கொண்டேன். அப்புறம் அவர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். நாம் இரண்டு பேரும் அதற்கப்புறம் பேசவே இல்லை.

இந்த வருடம் என்னென்ன என்று கேள். முதல் கச்சேரி தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தந்தி வாத்தியங்கள் மட்டும். இரண்டாவதில் ஒரு நாதஸ்வரக்காரரை நடுவில் நிற்க வைத்து மொத்தப் பேரும் அவரைச் சுற்றி வாசிக்கப் போகிறார்களாம். நாதஸ்வரச் சத்தத்துக்கு முன்னால் இந்த வயலின்கள் என்ன ஆகும் என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. மூன்றாவதுக்குக் குழந்தைகளைக் கூட்டி வரலாம். நாலாவதில், நீ மடித்து வைத்த எக்காளம் என்று பேர் வைத்தாயே, அந்தப் பித்தளை வாத்தியம்தான் கதாநாயகன்.

ஐந்தாவதை எப்படிச் சொல்ல? அண்ணி, ஐந்தாவதில் கோரஸ். ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் எண்பது பேர் நின்று பாடப் போகிறார்கள்.

ஒவ்வொரு சீசன் முடிவிலும் 'உங்கள் கருத்து' என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். நான் 'ஏசி அதிகம்' என்று எழுதுவேன். நீ மட்டும் ஒவ்வொரு வருடமும் அதே ஒரு வரியை எழுதிப் போடுவாய்: 'ஆளுங்க பாடற மாதிரி ஒண்ணு போடுங்க.' போட்டுவிட்டார்கள். உன் சீட்டைப் படித்துத்தான் போட்டார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். யார் வந்து இல்லை என்று சொல்லப் போகிறார்கள்?

இந்த சீசன் என்ற வார்த்தைதான் அண்ணி நம்மை எப்படியெல்லாம் ஆட்டி வைத்தது! இருபத்தெட்டு வருடம் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் கவுன்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவள் நீ. சீசன் என்றால் உனக்கு ஒன்றே ஒன்றுதான், தினம் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் எடுக்கிற ரயில் சீசன். அதனால் இவர்கள் 'சீசன் டிக்கெட் எடுத்துச் சந்தாதாரர் ஆகுங்கள்' என்று சொன்னபோது, ரயில்வே சட்டம் முழுவதையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கச்சேரி ஹாலில் இறக்கிவிட்டாய்.

முதல் சட்டம், அடையாள அட்டை. ஒவ்வொரு கச்சேரிக்கும் வாசலில் நிற்கிற பெண்ணிடம் சீசன் கார்டையும் ஆதார் கார்டையும் சேர்த்து நீட்டுவாய். அந்தப் பெண், "இது வேணாம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும். "நீ பாத்துட்டு குடு. நாளைக்கி ஒரு பேச்சு வரக்கூடாது" என்பாய். நாலு வருடத்தில் அந்தப் பெண்ணுக்கு உன் பிறந்த தேதியே மனப்பாடம் ஆகியிருக்கும்.

இரண்டாவது சட்டம்தான் பெரிய சட்டம். யார் பேரில் சீசனோ அவர்தான் வரவேண்டும். எனக்குச் சிக்குன்குனியா வந்து காலை ஊன்ற முடியாமல் கிடந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் மகள் ஷீபா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். "அத்தை கார்டுல நான் போறேம்மா" என்று கெஞ்சினாள். நீ விட்டாயா? "சீசன்ல ஆள் மாறாட்டம் செல்லாது. பிடிச்சா ஃபைன். என் சர்வீசுல எத்தினி பேரப் பாத்துகீறேன்" என்று பெற்ற மகளையே வீட்டில் உட்கார வைத்துவிட்டு வந்தாய்.

அன்றைக்கு என் சீட்டில் உன் கைப்பையை வைத்துவிட்டு, உட்கார வந்த ஒருவரிடம், "இது சீசன் சீட்டு சார். ஆள் இல்லன்னாலும் ஆள் கீறாங்க" என்று சொன்னாயாம். எனக்கு அதைப் போனில் சொல்லும்போது உன் குரலில் இருந்த பெருமை இருக்கிறதே! மூட்டு வலியோடு மூட்டு வலியாக நான் சிரித்தேன்.

நீ போனபோது சீசன் பாதியில் நின்றது. இரண்டு கச்சேரி பாக்கி. நான் நர்ஸ், எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், ஆனாலும் உன் விஷயத்தில் எனக்கு எந்தப் படிப்பும் உதவவில்லை. என்னைவிட ஒரு வயது சின்னவள் நீ. அண்ணனைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக முப்பது வருடம் உன்னை அண்ணி என்று கூப்பிட வைத்தாய். வரிசைப்படி நான்தானே முதலில் போயிருக்க வேண்டும்?

அந்த இரண்டு கச்சேரிக்கும் போனேன். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில், நீ எப்போதும் வந்து இறங்குகிற செங்கல்பட்டு பஸ் வந்து நின்றபோது பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன். எல்லாரும் இறங்கி, கண்டக்டரும் இறங்கி டீ குடிக்கப் போன பிறகுதான் உட்கார்ந்தேன். ஹாலில் எஃப் வரிசை பதினாலில் நான், பதினைந்தில் என் கைப்பை. உன் சட்டத்தை மீறவில்லை அண்ணி. பின் வரிசைக்காரர் ஒருவர் அங்கே வந்து உட்காரலாமா என்று கேட்டபோது, "ஆள் கீறாங்க" என்று சொல்லிவிட்டு, வாசித்ததில் ஒரு சுரம்கூடக் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது புத்தகத்தோடு விண்ணப்பத் தாள் வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். 'உங்கள் பழைய இருக்கைகள்: எஃப் 14, எஃப் 15. இரண்டையும் தொடர விரும்புகிறீர்களா?' என்று கேட்டு இரண்டு கட்டம். ஒன்றில் டிக் போட்டால் உன் சீட்டு வேறு யாருக்கோ போய்விடும். இரண்டிலும் டிக் போட்டால் செத்தவள் பேரில் சீசன் எடுத்த குற்றம், நீயே எழுந்து வந்து பிடித்துக் கொடுப்பாய். என்னதான் செய்வது?

நேரே ஹால் ஆபீசுக்கே போய்க் கேட்டேன். அங்கே இருந்த அம்மாள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "மேடம், கார்டுல பேர் எங்க இருக்கு, காட்டுங்க?" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பேரே இல்லை அண்ணி! இருக்கை நம்பர் மட்டும்தான் இருக்கிறது. "யார் வேணாலும் வரலாம் மேடம். ஒரு கச்சேரிக்கு நீங்க, அடுத்ததுக்கு உங்க ஃப்ரெண்டு. முதல்லேர்ந்தே அப்படித்தான்" என்றார்.

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். ஷீபாவை அழ வைத்தோமே! ஆதாரை நீட்டி நீட்டி நாலு வருடம் வரிசையை நிறுத்தினோமே! அந்த அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "கார்டு அச்சடிச்சவன் பேரு போட மறந்துட்டான்" என்று சண்டைக்குப் போயிருப்பாய்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன். உன் சீட்டில் அண்ணனை உட்கார வைப்பது.

அண்ணன் சேதி உனக்குத் தெரியுமோ தெரியாதோ, சொல்கிறேன். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கம்பெனி பஸ் ஓட்டுகிறது, வீட்டுக்கு வருகிறது, சோறு பொங்குகிறது, சாப்பிடுகிறது. ஆனால் வாயைத் திறப்பதில்லை. முப்பது வருடமாகச் சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று, கட்டைக் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிரப் பாடின மனுசன், இப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்திருக்கிறது. ஷீபா தினம் போன் பண்ணினால் "ம்", "ம்" என்பதோடு சரி. "அத்தை, அப்பா குரலே எனக்கு மறந்துபோயிடும் போல" என்று அவள் என்னிடம் அழுதாள். எனக்கும் அதே பயம்தான்.

இறால் தொக்கு செய்து எடுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனேன். சாப்பிட விட்டு, கை கழுவ விட்டு, மெதுவாகப் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தேன்.

"இன்னா இது?"

"கச்சேரி புக்கு. அண்ணி சீட்டு கீதுல்ல, அதுல நீ வா. செல்லுமாம். கேட்டுட்டு வந்துட்டேன்."

புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. "அவ சீட்டுல நான் குந்திக்கினா, அவ எங்க குந்துவா?" என்றது.

என் கோபம் உனக்குத் தெரியாததா? "அவ செத்துட்டாண்ணே! நீ இன்னும் சாகல! நான்தான் அவளக் குளிப்பாட்னேன், எனுக்குத் தெரியும்! நீ இப்பிடி வாயக் கட்டிக்கினு குந்திகினு கீறதப் பாத்தா அவ உன்ன வுட்டு வெப்பாளா?" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அண்ணன் எழுந்து போய் என் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து கையில் கொடுத்தது. அவ்வளவுதான். நான் அழுதுகொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தேன். புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தது செங்கல்பட்டில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் எடுக்க ரோஷம் விடவில்லை.

ஒன்பது நாள் அதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. விண்ணப்பத் தாளில் பேனாவை வைப்பேன், எடுப்பேன். ஒரே சீட்டு போதும் என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படி எழுதுவது அண்ணனையும் கைகழுவி விடுகிற மாதிரி இருந்தது. மாதக் கடைசிக்கு நாலு நாள்தான் இருந்தது.

நேற்று மத்தியானம் போன் வந்தது. அண்ணன். தானாகப் பண்ணியது.

"எஸ்தரு. உன் புக்கு இங்க கீது."

"தெரியும். வெச்சிக்கோ."

"கடைசிப் பக்கம் படிச்சியா நீ?"

விளம்பரம் என்று நினைத்து அந்தப் பக்கத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை அண்ணி. ஐந்தாவது கச்சேரிக்குப் பாட ஆள் தேவையாம். செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் சர்ச்சிலோ எங்கேயோ கூட்டமாகப் பாடிப் பழகியவர்கள் வரலாமாம், கட்டைக் குரல் ஆண்கள் அவசரமாகத் தேவையாம்.

"அதுக்கு இன்னா இப்ப?" என்றேன்.

"போன சனிக்கெழம போய்ட்டு வந்தேன். செங்கல்பட்டுல ஒரு ஸ்கூல்ல வெச்சிகீறாங்க. பாடுன்னாங்க. மொத தபா காத்துதான் வந்துது. அந்தப் பொண்ணு, பியானோ வாசிக்கிற பொண்ணு, 'அவசரமில்ல சார்'னுச்சு. ரெண்டாவது தபா வந்துச்சு எஸ்தரு. வந்துச்சு. அவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. கடைசி வரிசை, லெஃப்ட்ல மூணாவது ஆளு நானு."

நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. "அண்ணே, அண்ணே" என்று நாலைந்து தடவை சொன்னேன் போலிருக்கிறது. அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. ஏழு மாதம் பேசாததை எல்லாம் ஒரே போனில் பேசியது. பாட்டு ஏதோ வெள்ளைக்காரப் பாஷையாம், ஒரு வார்த்தை புரியவில்லையாம், தமிழில் எழுதி ஸ்டீரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறதாம். ஷிப்டு ஆளை இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பும்போது பாடிக்கொண்டே வருகிறதாம். டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டியை நகர்த்த மறந்து பாடிக்கொண்டே இருந்ததில், பின்னால் இருந்த லாரிக்காரன், "இன்னா அண்ணாத்த, வண்டிலயே கச்சேரியா?" என்று ஆரன் அடித்தானாம். சொல்லிவிட்டுச் சிரித்தது அண்ணி. உன் புருசன் சிரித்தது.

அதற்கப்புறம்தான் நான் கேட்டேன். "அப்ப அண்ணி சீட்ட இன்னா பண்றது? நீதான் மேடை மேல நிக்கப் போற. நான் யாரையும் உக்கார வுட மாட்டேன். காலியாவே வெச்சிருக்கேன். அவ வந்து உன் பாட்டக் கேக்கட்டும்."

அதற்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

"வேணாம் எஸ்தரு," என்றது. "காலியா வெக்காத. நான் நிக்கிற எடத்துலேர்ந்து எஃப் வரிசை நேரா தெரியும், ஹாலுக்கும் போய்ப் பாத்துட்டுதான் வந்தேன். அது காலியா கீதுன்னா நான் அதையே பாத்துகினு நின்னுடுவேன். தொண்ட அடைச்சிக்கும். பாட்டு வராது. யாரையாவது குந்த வெச்சிடு. நான் பாடணும்."

இன்று காலையில் விண்ணப்பத்தில் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டு அனுப்பிவிட்டேன். ஷீபாவுக்குப் போன் பண்ணினேன். "அப்பா பாடறாரா?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அத்தை, அந்தச் சீட்டு எனக்கு" என்றாள்.

ஆகவே அண்ணி, ஆள் மாறாட்டம் நடக்கப் போகிறது. தெரிந்தே செய்கிறேன். உனக்கு இந்த ஒரு சத்தியம் செய்து தருகிறேன்: எண்பது பேரும் எழுந்து நிற்கும்போது நான் உன்னைத் தேடிப் பக்கத்தில் திரும்பிப் பார்க்க மாட்டேன். கடைசி வரிசையில், இடது பக்கம் மூன்றாவது ஆளை மட்டும் பார்ப்பேன், அது வாயைத் திறக்கிற வரைக்கும்.

உன் புருசனின் ஒரே தங்கச்சி, உன் நாத்தனார்,
எஸ்தர்
புதுப்பட்டினம்